சுள்ளி பொறுக்கக் கூடாத மரம்

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரு மரத்தோட கதை. சரியாகச் சொன்னால், ஒரு மரத்தைப் பற்றி ஒரு அம்மா தன் மகளிடம் சொன்ன ஒரு சொல்லோட கதை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எப்படி ஒரு மரத்தைக் காத்தது, எப்போது அறுந்தது, அறுந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பள்ளிக்கூடங்களுக்குக் கதை சொல்லப் போகும்போது நான் பிள்ளைகளிடம் வழக்கமாக ஒன்று கேட்பேன். "மரத்தை ஏன் வெட்டக் கூடாது?" உடனே கைகள் தூக்கும். "ஆக்ஸிஜன் தருது சார்." "மழை வரும் சார்." "நிழல் தரும்." "பழம் தரும்." எல்லாம் சரியான பதில்தான். பாடப் புத்தகத்தில் இருக்கிற பதில். ஆனால் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, எல்லாமே மரம் நமக்கு என்ன தரும் என்கிற கணக்கு. இந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகி ஒரு மனை வாங்குகிறான்னு வைங்க. அந்த மனையில் ஒரு மரம் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு கடை கட்டினால் மாதாமாதம் வாடகை வரும். இதுவும் ஒரு கணக்கு. ரெண்டு கணக்கும் மோதினால் எது ஜெயிக்கும்? நமக்குத் தெரியும்.

பலனைச் சொல்லி வளர்த்த அன்பு, அதைவிடப் பெரிய பலன் ஒன்று வந்து நின்றதும் தோற்றுப் போகும். இதை நான் சும்மா சொல்லவில்லை. கென்யா நாட்டு வரலாற்றில், ஒரே ஒரு பெண்ணின் வாழ்நாளுக்குள் இது நடந்து முடிந்திருக்கிறது. அந்தப் பெண் வங்காரி மாத்தாய். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண். அவரைப் பற்றிப் பேசும்போது எத்தனை கோடி மரம் நட்டார்னுதான் பெரும்பாலும் பேசுவோம். நான் இன்னைக்கு அவர் நடாத ஒரு மரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓடைக்கரையில் ஒரு முகுமோ

1940 ஏப்ரல் 1. கென்யாவின் நடுமேட்டு நிலத்தில் நியேரி பகுதியில் இஹிதே என்கிற சிறிய கிராமம். அங்கே ஒரு கிகுயு குடும்பத்தில் வங்காரி பிறந்தார். கிகுயு என்பது கென்யாவின் பெரிய இனக்குழுக்களில் ஒன்று. அவர்கள் வாழும் பகுதியில் எங்கிருந்து பார்த்தாலும் கென்ய மலை தெரியும். அதைக் கிரிந்யாகா என்பார்கள். அவர்களுடைய கடவுளான இங்ஙாயின் இருப்பிடம் அந்த மலை. நமக்குக் கயிலாயம் மாதிரின்னு வைங்களேன்.

அப்போது கென்யா பிரிட்டிஷ் காலனி. வங்காரியின் அப்பா வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவரிடம் நகுரு பக்கத்தில் வேலை பார்த்தார். குழந்தைப் பருவத்தில் சில வருஷம் அங்கே. 1947-ல் அம்மாவோடு இஹிதேவுக்கே திரும்பி வந்தாச்சு. ஏழு வயசு. அந்த வயசில் வீட்டுக்கு மூத்த பெண்பிள்ளைக்கு என்ன வேலை இருக்கும்? தண்ணீர் எடுத்து வரணும், விறகு பொறுக்கணும், அம்மா கூடவே தோட்டத்தில் நிற்கணும்.

வீட்டுப் பக்கத்தில் ஓர் ஓடை. ஓடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மரம். கிகுயு மொழியில் அதன் பெயர் முகுமோ. நம்ம ஆல், அரசு, அத்தி எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்து மரம். ஏதோ ஒரு பறவை எச்சத்தோடு போட்ட விதை வேறொரு மரத்தின் கிளையில் முளைக்கும். மேலே இருந்து வேரைக் கீழே இறக்கும். கடைசியில் தாங்கின மரத்தையே சுற்றி வளைத்து நெரித்துவிட்டுத் தான் மட்டும் பிரம்மாண்டமாக நிற்கும். கோயில் மதில் மேல் முளைத்த அரசமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா இருக்காது.

ஒருநாள் விறகு பொறுக்கப் போகும்போது அம்மா மகளிடம் ஒன்று சொல்லி அனுப்புகிறார். அந்த முகுமோவில் இருந்து சுள்ளி எடுக்காதே. கீழே காய்ந்து கிடப்பதைக்கூட எடுக்காதே. ஏன் என்று பிள்ளை கேட்கிறது. அது கடவுளோட மரம், நாம அதை வெட்டுவதும் இல்லை, எரிப்பதும் இல்லை என்று அம்மா பதில் சொல்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பிள்ளையும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ஓடைக்கரையில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதையும் சொல்லணும். சேம்பு இலைகளுக்கு அடியில் தெளிந்த தண்ணீரில் தவளை முட்டைகள் கொத்துக் கொத்தாக மிதக்கும். கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக, பார்ப்பதற்கு மணி மாதிரி இருக்கும். மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்னு நினைத்து மெதுவாக விரலை விட்டுத் தூக்குவாளாம். தூக்கியதும் உடைந்துவிடும். கொஞ்ச நாள் கழித்து வந்து பார்த்தால் அங்கே தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருக்கும். இந்த ஓடையை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வரும்.

கதை காத்த மரங்கள்

அம்மா சொன்னது அவராகக் கற்பனை செய்தது இல்லை. கிகுயு மக்கள் முகுமோ மரத்தடியில்தான் வழிபாடு செய்தார்கள். மழை பொய்த்தால் பெரியவர்கள் கூடுவதும் அங்கேதான். கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டா, லண்டனில் மானுடவியல் படித்து 1938-ல் தன் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த மரத்தடிச் சடங்குகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

முகுமோவைச் சுற்றிக் கதைகளும் நிறைய. தீக்கா என்கிற ஊரில் இருந்த ஒரு முகுமோவைப் பற்றி இன்னைக்கும் சொல்கிற கதை ஒன்று உண்டு. முகோ வா கிபிரு என்று ஒரு குறி சொல்பவர். வெளுத்த தோல்காரர்கள் வருவார்கள், இந்த மரம் விழும் நாளில் அவர்கள் ஆட்சியும் போய்விடும் என்று அவர் சொல்லிவைத்தாராம். இது காதில் விழுந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் மரம் விழாமல் இருக்க இரும்பால் முட்டுக் கொடுத்தார்களாம். ஆனால் சுதந்திரம் வருகிற சமயத்தில் இடி விழுந்து மரம் பிளந்ததாம். கென்யா விடுதலை அடைந்தது 1963 டிசம்பர் 12. குறி பலித்ததா இல்லையா என்கிற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒரு பேரரசே ஒரு மரத்துக்கு முட்டுக் கொடுத்தது என்று ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லுது பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளை மரத்தைக் கடந்து போகும்போது அண்ணாந்து பார்க்காமல் போகுமா?

இன்னொரு மரம், திகி. கிகுயு பெரியவர்கள் திகி மரத்தில் செய்த கோலை வைத்திருப்பார்கள். ரெண்டு பேர் சண்டை போடும்போது பெரியவர் அந்தக் கோலை நடுவில் வைத்தால் சண்டை நிற்கணும். பேச்சு ஆரம்பிக்கணும். வங்காரி தன் நோபல் உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். மரத்தை வைத்து ஒரு நீதிமன்றமே நடத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இந்தக் கதைகள் மரத்தை வெட்டாமல் காத்தன. ஆனால் மரம் நடச் சொல்லித் தரவில்லை. 1920-களில் ரிச்சர்ட் செயின்ட் பார்ப் பேக்கர் என்கிற ஆங்கிலேயர் கென்யாவில் வனத்துறை அதிகாரியாக இருந்தார். காடு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, நீங்களே மரம் நடலாமே என்று கிகுயு மக்களிடம் கேட்டார். அது கடவுள் பார்த்துக்கொள்கிற வேலை என்று பதில் வந்தது. அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. காடு தானாக வளரும் இடத்தில் யார் மரம் நடுவார்கள்? பேக்கர் உத்தரவு எதுவும் போடவில்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இவர்களிடம் ஆட்டம் இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் மரத்துக்கும் ஓர் ஆட்டம் ஆடுவோம் என்றார். 1922 ஜூலை 22-ஆம் தேதி அந்த மர நடனம் நடந்தது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மரம் நடுவோம், காப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்டவர்களுக்கு "மரங்களின் மனிதர்கள்" என்று பெயர் வந்தது. சட்டம் செய்யாத வேலையை ஒரு கொண்டாட்டம் செய்தது.

கதை அறுந்த இடம்

இப்போது வங்காரியிடம் திரும்ப வருவோம். ஒருநாள் அவருடைய அண்ணன் இந்தெரிது வீட்டில் ஒரு கேள்வி கேட்கிறான். நாங்க எல்லாம் பள்ளிக்கூடம் போறோமே, வங்காரி ஏன் போகல? அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போவது அபூர்வம். அம்மா ஒரு நிமிஷம் யோசித்து, ஆமாம், போகட்டுமே என்கிறார். அந்த ஒரு கேள்வியில் ஒரு வாழ்க்கை திரும்புகிறது.

பதினோரு வயதில் விடுதிப் பள்ளி. மிஷன் நடத்திய பள்ளி. நல்ல படிப்பு, நல்ல ஆசிரியர்கள். ஆனால் ஒரு விதி இருந்தது. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் சட்டையில் ஒரு பட்டனைக் குத்திவிடுவார்கள். நான் முட்டாள் என்கிற மாதிரி ஏதாவது அதில் எழுதியிருக்கும். மாலையில் யாரிடம் அந்தப் பட்டன் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசுகிற இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அவளுக்கு மாட்டிவிடுவது.

இதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். முகுமோ, திகி, மழைக்கு வேண்டுகிற வழக்கம், அடுப்படியில் இராச்சாப்பாடு வேகும்வரை பிள்ளைகள் தூங்காமல் இருக்கச் சொன்ன கதைகள், எல்லாமே கிகுயு மொழியில்தான் இருந்தன. அந்த மொழியில் பேசினாலே அவமானம் என்று பழகிய பிள்ளை, அந்தக் கதையைத் தன் பிள்ளைக்கு எப்படிச் சொல்லும்? கூடவே புதிய மதம் புதிய பாடத்தையும் கொண்டு வந்தது. கடவுள் மலையிலும் மரத்திலும் இல்லை, வேறிடத்தில் இருக்கிறார் என்று. அந்த நம்பிக்கை சரியா தவறா என்பது நம்ம பேச்சு இல்லை. ஆனால் கடவுளின் மரம் என்கிற ஒரே காவலில் நின்ற மரத்துக்கு அந்தக் காவல் போய்விட்டது.

மூன்றாவது காரணத்தைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. நிலம். 1952-ல் மாவ் மாவ் கிளர்ச்சி காரணமாகக் கென்யாவில் அவசரநிலை வந்தது. மக்களை அவரவர் நிலத்தில் இருந்து பெயர்த்துக் காவல் போட்ட குடியிருப்புகளில் அடைத்தார்கள். அதே சமயம், 1954-ல் ஸ்வின்னர்ட்டன் திட்டம் என்று ஒன்று வந்தது. குலத்துக்கும் குடும்பங்களுக்குமாகத் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களைச் சேர்த்து, தனித்தனி ஆட்கள் பெயரில் பட்டா கொடுப்பது ஒரு பகுதி. அதுவரை வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கையில் இருந்த காபி, தேயிலை மாதிரிப் பணப்பயிர்களை ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளும் பரவலாகப் பயிரிட வழி செய்வது இன்னொரு பகுதி. ஏழை விவசாயி நாலு காசு பார்க்க வழி வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒன்று சத்தமில்லாமல் மாறியது. ஊருக்கே பொதுவாக, கடவுளுடையதாக நின்ற மரம் இப்போது யாரோ ஒருவருடைய பட்டாவுக்குள் நிற்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

காடுகளிலும் அதே கதைதான். ஆபர்டேர் மலைக்காடுகளை அழித்து, சீக்கிரம் வளர்ந்து காசாகிற மரங்களை வரிசையாக நட்டார்கள். பைன், யூகலிப்டஸ், சீகை. நீலகிரிக்காரர்கள் இந்தப் பட்டியலைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். அதே காலனி ஆட்சி, அதே கணக்கு, அதே மரங்கள்.

வெறும் தரை

1960-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஏறக்குறைய முந்நூறு கென்ய மாணவர்களில் வங்காரியும் ஒருவர். உயிரியலில் பட்டம், பிட்ஸ்பர்க்கில் முதுநிலை. 1966-ல் நாடு திரும்புகிறார். 1971-ல் நைரோபியில் முனைவர் பட்டம். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்.

மாடுகளைத் தாக்கும் உண்ணிகள் பற்றி ஆராயத் தன் சொந்தப் பகுதிக்கே போகிறார். மழை பெய்ததும் ஆறு செம்பழுப்பாக ஓடுகிறது. மேட்டு நிலத்து மண் கரைந்து போகிறது. மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. இன்னொரு பக்கம், பெண்கள் அமைப்புக் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் பேசுகிறார்கள். விறகுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கு, நல்ல தண்ணி இல்லை, விறகு இல்லாததால் சீக்கிரம் வேகிற எதையாவது சமைக்கிறோம், பிள்ளைகளுக்குச் சத்துக் குறையுது.

அப்போது அந்த முகுமோவைத் தேடிப் போகிறார். மரம் இல்லை. நிலம் கை மாறியிருக்கிறது. புதுசாக வாங்கியவருக்கு மரம் நிறைய இடத்தை அடைப்பதாகத் தோன்றியிருக்கிறது. வெட்டிவிட்டுத் தேயிலை வைத்திருக்கிறார். ஓடை வற்றிவிட்டது. தவளை முட்டையும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை. மரம் நின்ற இடம் மட்டும் எதுவும் முளைக்காத வெறும் தரையாகக் கிடந்ததாக வங்காரி எழுதியிருக்கிறார்.

படித்த விஞ்ஞானியான பிறகுதான் அவருக்கு அம்மா சொன்னது முழுசாகப் புரிந்தது. அந்த மரத்தின் வேர் பாறையைத் துளைத்து ஆழமாக இறங்குகிறது. நிலத்தடி நீர் வேரின் வழியில் மேலேறி, பள்ளமான இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. முகுமோ நின்ற இடத்தில் ஊற்று இருந்தது தற்செயல் இல்லை. சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து வைத்ததும் அதே வேர்தான். அம்மாவுக்கு நிலத்தடி நீர்மட்டம் தெரியாது. ஆனால் அம்மாவும், அம்மாவின் அம்மாவும், அவருக்கு முந்தியவர்களும் சொல்லிச் சொல்லிக் கொடுத்த அந்தச் சொல்லுக்குள் தண்ணீரும் மண்ணும் பத்திரமாக இருந்தன. தாய்கள் மகள்களுக்குக் கொடுத்து வந்த அந்த வழக்கத்தைத் தன் பிள்ளைகளுக்குத் தானும் கொடுத்திருக்க வேண்டியவள்தானே என்று வங்காரி நினைக்கிறார். அந்த மரத்துக்காக அவர் துக்கப்படுகிறார்.

இதை யோசிச்சுப் பாருங்க. தேயிலை வைத்தவர் கெட்டவர் இல்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். மரத்தைவிடத் தேயிலை லாபம். அவர் போட்ட கணக்கில் ஓடை இல்லை, ஏன்னா ஓடை அவர் பட்டாவில் இல்லை. எந்தக் கணக்கிலும் வராத ஒன்றைத்தான் அந்தக் கதை காத்துக்கொண்டிருந்தது.

பெயர் வைத்து நட்ட ஏழு மரம்

வங்காரி இதற்குப் பிறகு செய்ததுதான் உலகம் அறிந்த கதை. 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நைரோபியில் கமுகுஞ்சி என்கிற பூங்காவுக்கு ஊர்வலமாகப் போய் ஏழு மரங்கள் நட்டார்கள். பசுமை வளைய இயக்கத்தின் தொடக்கம் அது. இதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை. அந்த ஏழு மரமும் ஏழு பேர் நினைவாக நடப்பட்டவை. கென்யாவின் வெவ்வேறு இனக்குழுக்களில் இருந்து, மக்கள் மனதில் நின்ற மறைந்த தலைவர்கள் ஏழு பேர். அதாவது முதல் நாளிலேயே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை கொடுத்துத்தான் நட்டார். பழைய கதை கடவுளின் மரம் என்றது. இவர் இன்னாருடைய மரம் என்றார்.

அந்த ஏழில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை என்பதையும் சொல்லணும். நடுவது ஒருநாள் வேலை, வளர்ப்பது பல வருஷ வேலை. அதனால்தான் இயக்கம் கிராமத்துப் பெண்கள் கைக்கு வந்தபோது ஒரு விதி வைத்தார்கள். நட்ட கன்றுக்குக் காசு கிடையாது, பிழைத்த கன்றுக்குத்தான் ஒரு சிறு தொகை. நாற்றங்கால் போட வனத்துறைப் படிப்பு வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவரையும் சோளமும் முளைக்க வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு மரவிதை முளைக்க வைக்கத் தெரியாதா என்பது வங்காரியின் வாதம். உடைந்த பானையில், பழைய டப்பாவில், கையில் கிடைத்ததில் எல்லாம் நாற்று விட்டார்கள். பள்ளிக்கூட வளாகங்களிலும் கன்றுகள் வரிசை கட்டின. நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரங்கள்.

கதை மட்டும் போதுமா என்றால் போதாது. 1989-ல் நைரோபியின் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் கட்ட அரசு முனைந்தபோது வங்காரி எதிர்த்து நின்றார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கருரா காட்டைத் துண்டு போட்டுக் கொடுத்தபோது கன்றுகளை எடுத்துக்கொண்டு நடப் போனார். 1999 ஜனவரியில் அங்கே அடியாட்கள் தாக்கி அவருக்குத் தலையில் காயம். கோடரி வரும்போது அடுப்படிக் கதை தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் அடிபட்டும் திரும்பப் போய் நிற்கிற ஓர் ஆளை உருவாக்கியதில் ஏழு வயதில் கேட்ட அந்தச் சொல்லுக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 10, ஆஸ்லோ. நோபல் உரை. மக்களாட்சி, அமைதி, வளம் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் எங்கே வந்து நிற்கிறார் தெரியுமா? அந்த ஓடையில். சேம்பு இலை, தவளை முட்டை, மணி மாலை, தலைப்பிரட்டை. இப்போது ஓடை வற்றிவிட்டது, பெண்கள் தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டு, தலைப்பிரட்டைகளின் வீட்டைத் திரும்பக் கட்டித் தருவதுதான் நம்ம வேலை என்று முடிக்கிறார். உலகமே கேட்கிற மேடையில் அவர் சொன்னது ஒரு குழந்தைக் கதை.

நாம் எப்படிச் சொல்வது

இதில் இருந்து நமக்கு என்ன என்று கேட்டால், நான் அந்த அம்மா சொன்ன விதத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் மரங்களைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மரத்தைப் பற்றிப் பேசினார். வீட்டுப் பக்கத்தில், பிள்ளை தினமும் பார்க்கிற மரம். உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. விறகு பொறுக்கப் போகிற நேரத்தில், அந்த வேலையோடு சேர்த்துச் சொன்னார். அந்த விதியை அவரும் கடைப்பிடித்தார். அடுப்பு எரிய விறகு தேவைப்பட்ட நாளிலும் அந்தச் சுள்ளியை எடுக்கவில்லை. அதனால்தான் பிள்ளை நம்பியது.

கடவுளை வைத்துத்தான் சொல்லணும்னு இல்லை. நம்ம நற்றிணையில் 172-ஆம் பாட்டு பலருக்கும் தெரிந்திருக்கும். சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்களுக்குத் தங்கை முறை என்று அம்மா சொல்லி வைக்கிறாள். அந்தப் பெண் வளர்ந்து பெரியவளான பிறகும், அந்த மரத்தடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. தங்கை பார்க்கிறாளே! கென்யாவில் கடவுள் என்றார்கள், இங்கே தங்கை என்றார்கள். ரெண்டிலும் மரம் என்ன தரும் என்கிற பேச்சே இல்லை. மரம் நமக்கு யார் என்பதுதான் பேச்சு. யார் என்று தெரிந்துவிட்டால் விலை பேசுவது கஷ்டம்.

அப்படியானால் ஆக்ஸிஜன் பாடம் வேண்டாமா? வேண்டும். வங்காரிக்கு உயிரியல் தெரிந்ததால்தான் ஊற்றுக்கும் வேருக்கும் உள்ள தொடர்பு பிடிபட்டது. ஆனால் வரிசையைக் கவனிங்க. முதலில் உறவு, பிறகு அறிவு. உறவு இருந்ததால்தான் அவர் திரும்பிப் போய் அந்த மரத்தைத் தேடினார். தேடியதால்தான் ஓடை வற்றியது கண்ணில் பட்டது. அந்த உறவு இல்லாதவருக்கு அது வெறும் தேயிலைத் தோட்டம்.

இன்னைக்கு வங்காரியே குழந்தைக் கதையாகிவிட்டார். அவரைப் பற்றி அழகழகான படப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. 2011 செப்டம்பர் 25-ல் அவர் காலமானார். தன்னை மரப்பெட்டியில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் மூங்கில், கோரை, ஆகாயத்தாமரை நார் கொண்டு பெட்டி பின்னினார்கள். ஒரு மரம்கூட அவருக்காக வெட்டப்படவில்லை. காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்காதே என்று சொன்ன ஒரு அம்மாவின் மகள் அவர்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்க தெருவில், உங்க பிள்ளை தினமும் கடந்து போகிற மரம் ஒன்று இருக்கும். அதை யார் வைத்தது, எப்போது வைத்தது, அதன் அடியில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள் என்று தெருவில் வயசானவர்களிடம் கேளுங்க. கேட்டதை அந்த மரத்தைக் கடக்கும்போது பிள்ளையிடம் சொல்லுங்க, வீட்டுக்குப் போய் வேண்டாம். உங்களுக்குக் கிடைத்த கதையை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்து வரும் அத்தியாயங்களில் அவற்றைப் பகிர்ந்துகொள்கிறோம்.